உன் அப்பாவின் அரசாங்கப் பெயர்

பெல் ஆன்ஸ், லூசியானா
17 ஜூன் 2023

அன்பு மகள் லிஸெட்டுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் கோழிகளும் சுகம், அந்த அலாஸ்கா குளிரில், மீன் தொழிற்சாலைக்குள், நீயும் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் தீவுக்கு லைன் கிடைப்பதே பெரும்பாடு, போன தடவை நான் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றேன், நீ ஆமாம்மா இங்கேயும் பனி என்றாய், அதோடு அறுந்துவிட்டது. அதனால்தான் ஒரு பானைக் காபி போட்டு வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வரிசையாகப் படி. சின்ன வயதிலிருந்தே உனக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் கெட்ட பழக்கம் உண்டு, இந்த ஒரு தடவை அம்மாவுக்காகப் பொறுத்துக்கொள்.

கார்டு விஷயம் உனக்குத் தெரியும். கொரோனா வந்ததும் நம்மைப் போன்ற வருமானம் குறைந்தவர்களின் இலவச மருத்துவக் கார்டை அரசாங்கம் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, மூன்று வருஷம் ஒரு கேள்வி இல்லை, ஒரு தாள் இல்லை, மருந்துக்கடையில் கார்டை நீட்டினால் போதும், நானும் இதுதான் உலக வழக்கம் என்று பழகிவிட்டேன். இந்த வசந்தத்தில் அவசர நிலை முடிந்தது, இனி எல்லாம் பழையபடி என்று அறிவித்துவிட்டார்கள். பழையபடி என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், அதிலுள்ள ஃபாரத்தில் நாங்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறோம், திடீர்ப் பணக்காரர் ஆகிவிடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் சொன்ன தேதியில் கார்டு செத்துவிடும். பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு பூசை முடிவில், ரோஸ் கலர் உறை வந்தா குப்பையில போடாதீங்க, போட்டுட்டு எங்கிட்ட வந்து அழாதீங்க என்று சொல்லிப் பார்த்தார். நானும் தினம் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிராக்டர் விளம்பரம் வந்தது, காது மெஷின் விளம்பரம் வந்தது, நம் செத்துப்போன நாய்க்குத் தடுப்பூசி போடச் சொல்லி அட்டை வந்தது, ரோஸ் உறை மட்டும் வரவில்லை. சரி நம்மை மறந்துவிட்டார்கள், மறந்தவர்களைத் தட்டி எழுப்புவானேன் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அங்கேதான் நான் சறுக்கினேன்.

உன் அப்பாவின் கண்ணைப் பற்றி இதுவரை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் போய்விட்டது. தண்ணீர் தேக்கிய வயலில் இறால் பிடிக்கும் கூடு எங்கெங்கே நிற்கிறது என்று மனப்பாடத்திலேயே படகை ஓட்டிக்கொண்டிருந்தார், எனக்கே தெரியாது. பெட்ரோல் பங்க் வாசலில் இருக்கிற ஐஸ் பெட்டியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி, என்ன ஃபாதர், வெயில் எப்படி என்று கேட்டார் பார், அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கேட்டால், ஃபாதரும் அப்படித்தான் வெள்ளையா குண்டா குளிர்ச்சியா இருக்காரு, யாருக்கும் வர்ற தப்புதான் என்கிறார். லஃபாயெட்டில் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். முதலில் வலது கண், ஜூன் எட்டாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது சரியா வரலேன்னா நவம்பர்ல சீசன் தொடங்குமுன்ன படகை வித்துடலாம் வெர்லீன், குருடன் ஓட்டுற படகுல இறாலுக்கே மரியாதை இல்ல என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அன்று இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

இப்போது அன்னையர் தினத்துக்கு வருகிறேன். வழக்கம்போல அப்பாவின் பெரியப்பா மகன் பேபே வீட்டில்தான் இறால் வேகவைத்தார்கள். பேபேயை நீ பார்த்து மூன்று வருஷம் ஆகிறது, இப்போது பேபே என்று கூப்பிட்டால் திரும்புவதற்கே அரை நிமிஷம் ஆகிறது, அவ்வளவு உடம்பு. நீண்ட மேஜை போட்டு, பழைய பேப்பரையெல்லாம் விரித்து, மேலே இறாலும் சோளமும் உருளைக்கிழங்கும் குன்று மாதிரி கொட்டினார்கள். நான் மட்டும் மூன்று பவுண்டு தின்றேன், உதடு எரிய எரிய தின்றேன், எனக்காகக் கொண்டாடுகிற நாளில் நான் ஏன் கணக்குப் பார்க்க வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை காலையில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மேடம், உங்க வீட்டுக்காரர் கார்டைப் பாத்தோம், மே முப்பத்தொண்ணோட முடியுதுன்னு காட்டுது, புதுப்பிச்சாத்தான் ஆபரேஷன், இல்லேன்னா தேதியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்டு ஆபீசுக்குப் போன் போட்டேன். காத்திருக்கவும் என்று சொல்லி ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம், அதே வால்ட்ஸ். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், உன் அப்பா போனை அலமாரி மேல் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, அரசாங்கமே வாசிக்குது, சும்மா நிக்கலாமா என்று சமையலறையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். கண் தெரியாத மனுஷன், ஒரு நாற்காலியில் இடிக்கவில்லை, என் கால்விரலைத்தான் இரண்டு தடவை மிதித்தார். திட்டிக்கொண்டே நானும் ஆடினேன். நடுவில் பாட்டு நின்று ஒரு பெண் குரல் வந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. மேடம், ஆம்புலன்சுக்குச் சொல்லட்டுமா என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

நல்ல பெண். தேடிப் பார்த்துவிட்டு, வில்ஃப்ரெட் ஜோசப் விட்ரின் பேருக்கு ஏப்ரல் நடுவுலயே கடிதம் அனுப்பியாச்சே மேடம், இந்த மே கடைசிக்குள்ள ஃபாரம் வரலேன்னா கார்டு தானா நின்னுடும் என்றாள். புதிதாக ஒன்று தபாலில் வர இரண்டு வாரம் ஆகலாம், பழைய ஃபாரமே அகப்பட்டால் அதை நிரப்பி நேரில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், அதுதான் சீக்கிரம் என்றாள். நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அப்பா கேட்கிறார், யாரு அந்த வில்ஃப்ரெட் என்று. லிஸெட், சத்தியமாகக் கேட்டார். கல்யாணத்தன்று சாமியார் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னதோடு சரி, அதற்கு முன்னும் பின்னும் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறந்தபோது கருகருவென்று நீர்க்கோழிக் குஞ்சு மாதிரி இருந்தாரென்று நம் பிரெஞ்சில் பூல்டூ என்று வைத்தார்கள், அறுபத்திரண்டு வயதிலும் பூல்டூதான். நீங்கதாங்க வில்ஃப்ரெட் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப பேபே யாரு என்றார்.

அங்கேதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. உன் தாத்தாவும் பெரிய தாத்தாவும் தங்கள் அப்பா பெயரை விட்டுக்கொடுக்க மாட்டோமென்று ஆளுக்கொரு மகனுக்கு வில்ஃப்ரெட் ஜோசப் என்று வைத்துவிட்டார்களே, பேபேயும் வில்ஃப்ரெட் ஜோசப் விட்ரின்தான். பழைய தபால்காரர் இருந்தவரை எந்த வில்ஃப்ரெட்டுக்கு எது என்று மோப்பத்திலேயே பிரித்துவிடுவார். போன வருஷம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், வடக்கேயிருந்து ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். புயலில் நம் பெட்டியின் எண் பலகை பறந்தபோது உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, பச்சைப் பெயிண்டில் பூல்டூ என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். எண்ணு எதுக்கு, ஊருக்கே தெரியும் என்றார். பேபே பெட்டியிலோ அவன் பெண்டாட்டி ஓரேலியா அழகாக முழுப்பெயரை எழுதியிருக்கிறாள். அந்தப் புதுப் பையன் வில்ஃப்ரெட்டைத் தேடினான், எங்கே கண்டானோ அங்கே போட்டான். அவனை என்ன சொல்ல.

ஓடினோம். நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார், நாற்பது வருஷமாகப் போகிற வீட்டுக்கு. பேபேயிடம் கேட்டால், ரோஸ் உறைதானே தங்கச்சி, வந்துச்சே என்கிறான். எனக்கு உயிர் வந்தது. எனக்குத்தான் அறுபத்தஞ்சு தாண்டி முதியோர் கார்டு இருக்கே, இது எதுக்குடா சாமின்னு பிரிச்சுப் பார்த்துட்டு பழைய பேப்பரோட வெச்சேன் என்கிறான். பழைய பேப்பர் எங்கே என்றேன். பேபே என்னைப் பார்த்தான், ஓரேலியாவைப் பார்த்தான், பிறகு முற்றத்து மேஜையைப் பார்த்தான். லிஸெட், நான் முந்தின நாள் மூன்று பவுண்டு இறாலை என் சொந்தக் கடிதத்தின் மேல் வைத்துத் தின்றிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் அதன் மேலேயே எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறேன்.

குப்பை லாரி மறுநாள் விடியற்காலையில் வரும். கொட்டகைப் பக்கம் ஆறு மூட்டை ஓடு, தலை, பேப்பர், எல்லாம் ஒன்றாய்ச் சுருட்டிக் கட்டியது, மே மாத வெயிலில் ஒரு முழுப் பகல் வெந்து கிடக்கிறது. நாற்றத்தை எழுத முடியாது, பூனையே ரோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்தது. பேபே மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு மண்டி போட்டான், அந்த உடம்போடு மண்டி போட்டதே எனக்குப் பெரிசு. ஓரேலியா பக்கத்தில் நின்று தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாரிடம் ஜெபம் சொல்ல, பேபே மூக்கடைத்த குரலில், அவரையும் ஒரு மூட்டை பிரிக்கச் சொல்லு என்றான். உன் அப்பாவுக்குக் கண் தெரியாது, அதனால் அவரை ஓரமாய் உட்கார வைத்திருந்தோம். அவர் உட்காரவில்லை. ஒரு மூட்டைக்குள் கையை விட்டுத் தடவினார். இது நியூஸ் பேப்பர், இதுவும் நியூஸ் பேப்பர், இது மாட்டுத் தீவனக் கடை நோட்டீஸ், இந்தா, இது மொழமொழன்னு இருக்கு, இது சர்க்காரு பேப்பர் என்று இழுத்தார். அதேதான். நாலு பக்க ஃபாரம், ஒரு பக்கத்தில் சோளக்கதிர் ஒட்டியிருக்கிறது, மிளகாய்த்தூள் ஊறிச் செங்கல் நிறமாகிவிட்டது, ஆனால் கிழியவில்லை, எழுத்து தெரிகிறது. பேபே அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்துகொண்டு அழுதுவிட்டான். பூல்டூ, உன் கண்ணை நான் தின்னுட்டேன்னு நெனச்சேன்டா என்றான். அப்பா அவன் முதுகில் தட்டி, நீ எதைத்தான் விட்டு வெச்ச என்றார். நான் ஒரு ஓரமாய்ப் போய்ச் சிரித்தேன், சிரிப்பு அடங்கினால்தானே, கடைசியில் ஓரேலியா தண்ணீர் கொடுத்தாள்.

துணி காயப்போடும் கொடியில் நாலு தாளையும் கிளிப் போட்டுக் காயவைத்தேன். புதன்கிழமை நிரப்பிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். நல்ல கூட்டம், நம்மைப் போலவே மூன்று வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டுத் திடீரென்று முழித்தவர்கள் எல்லாரும். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ஃபாரத்தைக் கொடுத்து, கூப்பிட்டா கையைத் தூக்குங்க, நான் வண்டியை நிழல்ல விட்டுட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது வாசலிலேயே எனக்குக் கேட்கிறது. உள்ளே ஒரு அம்மாள், வில்ஃப்ரெட் விட்ரின், வில்ஃப்ரெட் விட்ரின், கடைசியா கூப்பிடறேன், வில்ஃப்ரெட் விட்ரின் என்கிறாள். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம், பாவம் யாரோ ஒருத்தன், எங்க போய்த் தொலைஞ்சானோ, வரிசை போகுதே என்று பரிதாபப்படுகிறார். நான் அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி, பூல்டூ, அது நீங்கதான் என்று கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள். அப்பா எழுந்து நின்று தொப்பியை எடுத்துவிட்டு, மன்னிச்சுக்குங்கம்மா, எங்களுக்கு இப்பத்தான் அறிமுகம் ஆச்சு என்றார்.

அந்த அம்மாள் கொஞ்சம் கறார், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவள். தாளைக் கையில் வாங்கினாள், ஒன்று தும்மினாள், இரண்டு தும்மினாள், மூன்றாவது தும்மலில் கண்ணில் தண்ணீர். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். இதை வாங்க மாட்டேன், புதுத் தாள் கொண்டு வா என்று சொல்லிவிட்டால் ஜூன் எட்டு போச்சு, அப்புறம் எந்த மாதமோ, படகு போச்சு. அவள் மெதுவாக, இதுல கிராம்பு போட்டிருக்கீங்களா என்று கேட்டாள். பேபே போடுவான் என்றேன். எங்க அப்பாவும் போடுவாரு, இப்ப யாரும் போடறதில்ல என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறந்த தேதியை வைத்து இரண்டு வில்ஃப்ரெட்டையும் பிரித்தாள், விலாசத்தைச் சரிசெய்தாள், டப்பென்று முத்திரை குத்தினாள். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கார்டு இருக்கும், உங்க ரத்த அழுத்த மாத்திரையும் இதுலயேதான் மேடம் என்றாள். என்னையும் அதே தாளில்தான் சேர்த்திருந்தது, பதற்றத்தில் அதைக்கூட நான் யோசிக்கவில்லை. போகும்போது என்னைக் கூப்பிட்டு, தயவுசெஞ்சு அந்தத் தபால் பெட்டியில எண்ணை எழுதுங்க என்றாள். எழுதிவிட்டோம். ஆனால் எல்லாருக்கும் இப்படி முடியவில்லை கண்ணு. என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற நேடீனுக்குப் பழைய வீட்டுக்கே கடிதம் போய்க் கார்டு நின்றுவிட்டது, ஆஸ்துமாக்காரி, இன்னும் அலைகிறாள், வருகிற செவ்வாய்க்கிழமை நான்தான் அவளை அதே ஆபீசுக்குக் கூட்டிப் போகிறேன்.

ஜூன் எட்டாம் தேதி ஆபரேஷன் நடந்தது. இருபது நிமிஷம், அவ்வளவுதான், நான் கண்ணுக்குக் காவலான லூசியம்மாளை வேண்டி ஜெபமாலை பாதி கூடச் சொல்லி முடிக்கவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். உன் அப்பா முதலில் டாக்டரைப் பார்த்து, இவ்வளவு சின்னப் புள்ளையா நீ என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், நான் கூச்சத்தில் தலையைச் சரிசெய்துகொண்டேன். அவரோ, இந்தச் சட்டை பச்சையா, இத்தனை நாள் பழுப்புன்னு நெனச்சு ஒண்ணும் சொல்லாம இருந்தேன் என்றார். வழி நெடுக ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். டயர் கடை. பூடான் சாசேஜ் சூடா கிடைக்கும். இயேசு வருகிறார். மறுபடியும் டயர் கடை. நான் வண்டியை நிறுத்தி வைத்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வயலைப் பார்த்தார், தண்ணீர் வடித்த வயலில் கொக்குகளை எண்ணினார், பதினேழு என்றார், படகை ஒரு சுற்று சுற்றி வந்து தட்டிக் கொடுத்தார். இடது கண்ணுக்கு ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இத்தோடு முடித்திருந்தால் இது சந்தோஷக் கடிதம். ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே இதற்கு மேல் எழுதத்தான். அன்று சாயங்காலம் உன் அப்பா மோர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். ஈஸ்டருக்கு நீ அனுப்பிய போட்டோ, தொழிற்சாலை வாசலில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நிற்கிறாயே, அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருக்கு அது வெறும் ஆரஞ்சுக் கறையாகத்தான் இதுவரை தெரிந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாருங்க எம்பொண்ணு எப்படிச் சிரிக்கிறா என்று காட்டியிருக்கிறார். இப்போது சொன்னார், வெர்லீன், அவ சிரிக்கல, இது பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற வாய் என்றார். இடது கை சட்டைக்கு வெளியே பாரு, மணிக்கட்டுல கட்டுப் போட்டிருக்கா, விரலெல்லாம் வீங்கியிருக்கு என்றார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆமாம். இரண்டு மாதம் அந்தப் போட்டோவைக் கடந்துதான் தினம் பால் எடுத்தேன், எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும், ஜாக்கெட் எடுப்பாக இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறேன். நீயும் கடிதத்தில் எல்லாம் சுகம் என்று எழுதியிருந்தாய், நான் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

கையில் என்ன ஆயிற்று லிஸெட். மெஷினில் மாட்டியதா. டாக்டரிடம் காட்டினாயா, இல்லை அங்கே உனக்குக் கார்டு இல்லை, போனால் தாங்க முடியாது என்று நீயே கட்டுப் போட்டுக்கொண்டாயா. திட்ட மாட்டேன். உன் அப்பா கண்ணை மறைத்தார், நீ கையை மறைக்கிறாய், இந்த வீட்டில் யார் யாரைத் திட்டுவது. அங்கேயும் மாநிலத்துக்கு ஒரு கார்டு ஆபீஸ் இருக்கும், போய்க் கேள், பிறந்த தேதியோடு உன் ஞானஸ்நானப் பெயரையும் முழுசாகச் சொல், லிஸெட் என்றால் அவர்களுக்குத் தெரியாது, எலிசபெத் மரி விட்ரின் என்று சொல், கூப்பிடும்போது எழுந்து நில். அது முடியாதென்றால் ஊருக்கு வந்துவிடு, மருத்துவம் இங்கே பார்க்கலாம், வருவதற்கு வழி நாங்கள் பண்ணுகிறோம். உன் அப்பா இந்த ஒரு வாரத்தில் அந்தப் போட்டோவை எத்தனை தடவை எடுத்துப் பார்த்துவிட்டார் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், புதுக் கண்ணால் அவர் அதிகமாகப் பார்த்தது அதைத்தான்.

மாதா உன்னை எந்நேரமும் காக்கட்டும், உன் கை சீக்கிரம் ஆறட்டும், அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள். ஓரேலியா ஒரு ஜெபமாலை சொல்லியிருக்கிறாள், பேபே ஒரு டப்பா மசாலா அனுப்பியிருக்கிறான், கண்ணில் படாமல் பிரி. மறக்காதே, பதிலில் எல்லாம் சுகம் என்று எழுதாதே, எப்படி இருக்கிறாயோ அப்படியே எழுது, இனி இங்கே ஒருவர் நிஜமாகவே பார்க்கிறார்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
வெர்லீன்